யவனர் ஏட்டில் கொற்கை



தூத்துக்குடிக்குத் தெற்கே, ஏரலுக்கு அணித்தாக, ஒரு சிற்றூர் உள்ளது. வயலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த அவ்வூரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. அலையோசையும் காதில் விழாது. கடலோ கிழக்கே ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் அவ்வூரின் பெயரைக் கேட்டுத் தொலைநாட்டு வணிகர் கலம் செலுத்தினர். அவ்வூரே கொற்கை. பாண்டியர்க்கு முத்தும் புகழும் ஈட்டித் தந்த துறை அது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்த மண்ணும் மணலும் கடலைத் தள்ளி வைத்தன, துறை தூர்ந்தது, ஊர் உள்நாட்டு ஊராயிற்று.

துறை மறைந்தபின் அதன் பெருமையை எவ்வாறு அறிகிறோம்? நமக்கு மூன்று சான்றுகள் உள்ளன. முதலாவது நிலம். தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1968–69ஆம் ஆண்டுகளில் கொற்கையில் அகழ்ந்தபோது சங்கும், சங்கறுத்த துண்டுகளும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகளும் கிடைத்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்ததில் அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 785 எனத் தெரிந்தது. இரண்டாவது பாட்டு. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கையின் முத்தையும் சங்கையும் பரதவரையும் பேசுகின்றன. இவ்விரு சான்றுகளும் நம் கையில் உள்ளவை. மூன்றாவது சான்று மட்டும் நம் மொழியில் இல்லை. நம் நாட்டிலும் இல்லை. அது கிரேக்க மொழியில், ஐரோப்பிய நூலகங்களில் இருக்கிறது. அம்மூன்றாம் சான்றைப் பற்றியும், அதை நேரே கற்க நம் மாணவர் சிலரேனும் ஏன் முன்வர வேண்டும் என்பதைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

கிரேக்கருள் நம் முத்தைப் பற்றி எழுதிய மிகப் பழையோருள் ஒருவர் மெகஸ்தனீஸ். கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் செலூக்கஸ் மன்னனின் தூதராகச் சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்தவர் அவர். அவர் எழுதிய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பின்னாளில் வந்த அர்ரியன் முதலியோர் அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. ஹெராக்ளிஸ் என்னும் தெய்வ வீரனுக்குப் பண்டையா என்று ஒரு மகள் இருந்தாள் என்றும், அவள் ஆண்ட நாடு அவள் பெயரையே பெற்றது என்றும் அப்பகுதிகள் கூறுகின்றன. பாண்டிய நாட்டைப் பற்றிய செய்தி வடக்கே பாடலிபுத்திரம்வரை சென்று, அங்கு ஒரு யவனரின் காதில் விழுந்து, கதையாக உருமாறியது போலும்!

முத்தைப் பற்றி அவர் கூறுவது இன்னும் சுவையானது. முத்துச்சிப்பிகள் தேனீக்களைப்போல் கூட்டமாக வாழும். அவற்றுக்கு ஓர் அரசன் அல்லது அரசி உண்டு. அத்தலைமைச் சிப்பியைப் பிடித்துவிட்டால் மற்றவை எளிதில் வலையில் அகப்படும். பிடித்த சிப்பியின் தசையை அழுகவிட்டு, உள்ளே உள்ளதை எடுத்துக்கொள்வர். முத்தின் விலை அதன் எடையைப்போல் மூன்று மடங்கு பசும்பொன் என்பன அவர் கேள்வியுற்ற செய்திகள். சிப்பிக்கு அரசனும் இல்லை, அரசியும் இல்லை. முத்துக் குளிப்போர் வலை வீசுவதும் இல்லை. ஆனால் சிப்பித் தசையை அழுகவிட்டு முத்தைப் பிரித்தெடுக்கும் வழக்கம் உண்மையானது. நம் கடற்கரையில் இருபதாம் நூற்றாண்டுவரை நடந்துவந்தது. பொய்யும் மெய்யும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றைப் பிரித்தறிய, கிரேக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. முத்துச் சலாபம் எவ்வாறு நடந்தது என்பதும் தெரிய வேண்டும். இதை நினைவிற் கொள்ளுங்கள்.

மெகஸ்தனீஸுக்கு ஏறக்குறைய 350 ஆண்டுகட்குப் பின்னர், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த ஒரு வணிகர் கிரேக்க மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. செங்கடலிலிருந்து இந்தியாவரை எந்தத் துறையில் எப்பொருள் கிடைக்கும், எப்பொருளை அங்கே விற்கலாம், எந்தத் திங்களில் கலம் புறப்பட வேண்டும் என்பனவற்றைத் தொகுத்துக் கூறும் வழிகாட்டி அது. ‘பெரிப்ளூஸ்’ என்று அதனை வழங்குவர். குமரித்துறையைக் கூறியபின், அங்கிருந்து கொல்கோய்வரை நிலம் நீள்கிறது என்றும், அங்கே முத்துக்குளிப்பு நடைபெறுகிறது என்றும், அது பாண்டிய மன்னனுக்கு உரியது என்றும் அந்நூலாசிரியர் எழுதுகிறார். கொல்கோய் என்பது கொற்கையே.

இந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறே ஒரு கடற்பயணம் போன்றது. பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஒரே ஓர் ஏட்டுப்பிரதியில்தான் இது பிழைத்தது. இலண்டனில் உள்ள மற்றொரு பிரதி அதன் வழிவந்ததே. மூலப் பிரதி செருமானிய நாட்டு ஹைடல்பர்க் நகரின் நூலகத்தைச் சேர்ந்தது. நூல் 1533இல் பாசல் நகரில் முதன்முதலாக அச்சேறியது. முப்பதாண்டுப் போர்க்காலத்தில் ஹைடல்பர்க் வீழ்ந்தபோது அந்நூலகச் செல்வம் 1623இல் உரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நெப்போலியன் காலத்தில் அதிற் சில ஏடுகள் பாரிசு சென்றன. 1816இல் இவ்வேடு மீண்டும் ஹைடல்பர்க் வந்துசேர்ந்தது. இடையில் எங்கேனும் ஒரு தீப்பொறி பட்டிருந்தால், கொற்கையைக் கண்ட யவனரின் சொல் நமக்கு எட்டாமலே போயிருக்கும். இன்று அவ்வேட்டின் ஒளிப்படங்களைப் பல்கலைக்கழகத்தாரே இணையத்தில் வைத்திருக்கின்றனர். தூத்துக்குடியில் இருந்துகொண்டே ஏட்டைக் காணலாம். படிப்பதற்குத்தான் மொழியறிவு வேண்டும்.

அடுத்து, கி.பி. 150ஐ ஒட்டி வாழ்ந்த தாலமி என்னும் நிலநூலறிஞர் உலகின் ஊர்களையெல்லாம் அளவுகளோடு பட்டியலிட்டார். அவர் கொல்கோயை வணிகப் பட்டினம் என்கிறார். அதனை ஒட்டிய கடலைக் கொல்கோய் வளைகுடா என்கிறார். இன்று நாம் மன்னார் வளைகுடா என்று வழங்குவதற்கு அன்று கொற்கையே பெயர் கொடுத்திருக்கிறது. அருகே சோலேன் என்னும் ஆறு கடலிற் கலக்கிறது என்று அவர் கூறுவதைத் தாமிரபரணி என்று கொள்வர் ஆராய்ச்சியாளர். ‘சோலேன்’ என்பதற்குக் கிரேக்கத்தில் குழல் என்றும், குழல் போன்ற ஒருவகைச் சிப்பி என்றும் பொருள் உண்டு. சோசிக்கூரை என்று அவர் குறிக்கும் ஊர் தூத்துக்குடி ஆகலாம் என்று கருதினார் கால்டுவெல்.

கொற்கை ஏன் கொல்கோய் ஆயிற்று? கருங்கடற் கரையில் கொல்கிசு என்று ஒரு நாடு உண்டு. பொன்மயிர் ஆட்டுத்தோலைத் தேடி வீரர்கள் அங்குச் சென்ற கதையைக் கிரேக்கச் சிறுவர் ஒவ்வொருவரும் அறிவர். அந்நாட்டு மக்களுக்குக் கிரேக்கர் இட்ட பெயரும் கொல்கோய் என்பதே. கொற்கை என்னும் புதுப்பெயரைக் கேட்ட மாலுமி, தனக்குப் பழகிய பெயரின் சாயலில் அதை எழுதினான் என்று எண்ண இடமுண்டு. ஒரு பெயரின் ஒலிமாற்றத்துள்ளும் இவ்வாறு ஒரு வரலாறு அடங்கியிருக்கக் காண்கிறோம்.

இனி, என் பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறேன். கொற்கையில் முத்துக் குளிப்பவர் யார் என்பதைப் பெரிப்ளூஸ் ஒரு சொல்லால் குறிப்பிடுகிறது. தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர்களைக் கொண்டு அவ்வேலை நடத்தப்படுகிறது என்பது அதன் கருத்து. ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் குற்றவாளிகள் என்றே காண்பீர்கள். அதைப் படித்துவிட்டு, பாண்டியனின் முத்து சிறைக்கைதிகளின் உழைப்பில் விளைந்தது என்று எழுதிச் செல்வோர் உளர். தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூச்சடக்கி வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறு இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ஆகவே இதைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

முதலில் தமிழ்ச் சான்றைப் பாருங்கள். அகநானூற்றின் 350ஆம் பாட்டு ஒரு காட்சியைக் காட்டுகிறது. கொல்லும் சுறாக்களை நீக்கிக் கடலில் மூழ்கி வலம்புரிச் சங்கை எடுத்த பரதவர், சங்கை முழக்கிக்கொண்டு கரை சேர்கின்றனர். கொற்கை ஆரவாரத்தோடு அவர்களை எதிர்கொள்கிறது. இது கைதிகளை வரவேற்கும் காட்சி அன்று. மதுரைக்காஞ்சியும் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கொற்கை மக்களின் அன்புக்கு உரியவனாகவே போற்றுகிறது. அவ்வாறாயின் யவனர் கூறியது பொய் என்று தள்ளிவிடலாமா? தள்ளலாகாது. அகப்பாட்டில் வருவது சங்கு. பெரிப்ளூசில் வருவது முத்து. இரண்டும் ஒரே கடலில் நடந்தனவேனும் ஒரே ஏற்பாட்டில் நடந்தன என்பதற்கு உறுதி இல்லை. நம் பெருமைக்கு ஏற்றது என்பதற்காக ஒரு சான்றை எடுத்து, ஏலாதது என்பதற்காக மற்றொன்றை விடுத்தால் அது வரலாறு ஆகாது.

அடுத்து, எழுதியவரைப் பாருங்கள். மேலைக்கடற்கரைத் துறைகளை அவர் விரிவாக விளக்குகிறார். குமரிக்குக் கிழக்கே வந்ததும் செய்தி சுருங்கிவிடுகிறது. கீழைக்கரையைக் கேள்வியால் அறிந்தே எழுதினார் என்பது அறிஞர் பலரின் கருத்து. மேலும், அவர் வாழ்ந்த எகிப்தின் தென்னெல்லைப் பொற்சுரங்கங்களில் தண்டனை பெற்றோரையே வேலைக்கு இட்டனர். அக்கொடுமையை அகதார்க்கிடீஸ் என்னும் கிரேக்கர் அவருக்கு முன்பே எழுதியிருந்தார். அரசனுக்கு உரிய அரும்பொருள் என்றால் கைதிகளே எடுப்பர் என்பது அந்நாட்டவர்க்குப் பழகிய எண்ணம். மன்னன் காவலில் மக்கள் கடலில் மூழ்குகின்றனர் என்று கேட்டவர், அதைத் தம் நாட்டு வழக்கோடு பொருத்திக்கொண்டிருக்கலாம்.

இறுதியாக, தொழிலையே பாருங்கள். முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்தளத்தை நம்மவர் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. கயிற்றில் கட்டிய கல்லின் மீது காலூன்றி ஒருவன் கீழே இறங்குவான். ஒரு மணித்துளி அளவே மூச்சடக்கி, சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவன் மேலே இழுப்பான். சிறுவயது முதல் கடலிற் பழகாதவனால் இத்தொழில் ஆகுமா? கைதியைக் கல்லில் கட்டி இறக்கலாம். சிப்பியோடு ஏற்றுவது எளிதன்று. ஆயினும் கடல்வாழ் மக்களே அரசனுக்குத் தண்டம் இறுக்கும் வகையில் குளித்தனரா, பரதவரோடு தண்டனை பெற்றோரும் சேர்ந்து உழைத்தனரா என்னும் கேள்விகள் எஞ்சுகின்றன.

பாருங்கள், ஒரு சொல்லை எடைபோட எத்தனை அறிவு வேண்டியிருக்கிறது! கிரேக்கச் சொல்லின் ஆட்சி தெரிய வேண்டும். எகிப்திய வழக்கம் தெரிய வேண்டும். சங்கப் பாட்டு தெரிய வேண்டும். பார் என்றால் என்ன என்பதும் தெரிய வேண்டும். அன்றியும், இதே பகுதியில் முத்தைப் பற்றி வரும் மற்றொரு வரி ஏட்டிலேயே சிதைந்துள்ளது. எழுதியவர் ஊர்ப்பெயர் புரியாமல் எழுத்துகளைக் குழப்பிவிட்டார். பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகத் திருத்துகின்றனர். அவர்கள் கிரேக்கத்தில் வல்லவர்கள். ஆனால் இக்கரையின் ஊர்ப்பெயரும் தீவுப்பெயரும் அவர்கள் செவியிற் பழகியவை அல்ல. இக்கரையில் பிறந்த ஒருவர் அவ்வேட்டைத் தம் கண்ணால் படித்தால், அவர்களுக்குத் தோன்றாத ஒன்று தோன்றக் கூடும் அன்றோ?

இரு மொழியும் அறிந்தோரால் விளைந்த நன்மைக்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். செம்மணற் காட்டின் நடுவே அரைநூற்றாண்டு வாழ்ந்த அவர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அரிசி, இஞ்சி முதலிய தமிழ்ச் சொற்களைக் கிரேக்கச் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். தாலமியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொற்கையிலும் காயலிலும் நடந்தார், மண்ணைத் தோண்டினார், 1877இல் அம்முடிவுகளைக் கட்டுரையாக எழுதினார். அவர் முடிவுகள் சிலவற்றை இன்று மறுக்கலாம். ஏட்டையும் நிலத்தையும் ஒருங்கே படித்த அவர் முறையை மறுக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகளார் இவ்வழியில் வந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில் 1913இல் பிறந்த அவர் 1930களில் உரோமாபுரியில் பயின்றார். ஐரோப்பியச் செம்மொழிக் கல்வியோடு திரும்பியவர், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழை அங்கிருந்து தொடங்கினார். சங்கப் பாட்டின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீனப் பாட்டுகளோடு ஒப்பிட்டு உலகுக்கு உரைத்தார். அயல்நாட்டு நூலகங்களை நாடிச் சென்றதன் பயனாக, 1554இல் லிசுபனில் அச்சான தமிழ்ச் சிறுநூலையும், முத்துக்குளித்துறைக் கரையில் 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலையும் தமிழறிஞர் கவனத்துக்குக் கொணர்ந்தார். நம் கரையின் பொருள் வெளிநாட்டு ஏடுகளில் உறங்குகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எதிர்த்திசையிலிருந்து வந்த ஒருவரையும் நினைப்போம். ஏதென்சு நகரத்தவரான திமித்ரியோஸ் கலானோஸ் 1786இல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர்க் காசியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தங்கி, வடமொழி கற்று, கீதை முதலிய நூல்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். 1833இல் காசியிலேயே மறைந்தார். ஒரு கிரேக்கர் நம் நாட்டு மொழிக்காக வாழ்நாளையே தந்தார் என்றால், நம்முள் ஒருவர் கிரேக்கத்துக்காகச் சில ஆண்டுகளைத் தரலாகாதா?

வேலை எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டா. புதுச் சான்றுகள் வந்துகொண்டே இருக்கின்றன. வியன்னாவில் உள்ள பாப்பிரசுத் தாள் ஒன்று 1985இல் பதிப்பிக்கப்பெற்றது. முசிறியோடு நடந்த வணிகத்தின் கடன் ஒப்பந்தமும், ‘எர்மப்பொலோன்’ என்னும் கப்பலின் சரக்கு விவரமும் அதில் உள்ளன. எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே, குசைர் ஆகிய இடங்களில் தமிழ்ப் பெயர் பொறித்த மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. யவனர் இங்கு வந்தது போலவே நம்மவரும் அங்குச் சென்றிருக்கின்றனர். எகிப்தில் கிடைத்து 1903இல் அச்சான ஒரு கிரேக்க நகைச்சுவை நாடகம் இந்தியக் கடற்கரை ஒன்றில் நடப்பதாக அமைந்தது. அதில் வரும் இந்நாட்டு மாந்தர் பேசும் மொழி கன்னடம் என்றார் சிலர். துளு என்றார் சிலர். அது மொழியே அன்று, வெற்றொலி என்றார் வேறு சிலர். தீர்ப்புக் கூறக் கிரேக்கமும் திராவிட மொழிகளும் ஒருங்கே அறிந்த புலவர் வேண்டும்.

அத்தகைய புலவர் எவ்வாறு உருவாவார்? ஓராண்டில் ஆகும் செயல் அன்று. பட்டப்படிப்பின் போதே கிரேக்க எழுத்தையும் இலக்கணத்தையும் தொடங்கவேண்டும். இலத்தீனும், செருமன் அல்லது பிரெஞ்சு மொழியும் உடன் வேண்டும். தமிழில் கல்வெட்டும் சங்க இலக்கியமும் விடாது கற்கவேண்டும். முனைவர் பட்டம் பெற்றபின், ஓரிரண்டு ஆண்டுகள் அயல்நாட்டில் தங்கி வேறு கவலையின்றி ஆய்வு செய்ய உதவும் ஆய்வுக்கொடைகள் உண்டு. கிரேக்க அரசின் கல்விக்கொடை நிறுவனம் 1951இல் ஏற்பட்டது; அயல்நாட்டார்க்கும் கொடை வழங்கிய வரலாறு உடையது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் கிரேக்க ஆய்வு நிலையம் ஒன்று 1961இல் வாசிங்டனில் அமைந்தது. இவற்றின் விதிகளும் காலமும் மாறிவருவன. வேண்டுவோர் அவ்வந்நிறுவனத்தாரையே வினவித் தெளிக. ஒன்று மட்டும் மாறாது. “நீ எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய்?” என்று அங்கே முதலில் கேட்பர். “எங்கள் ஊருக்கு எதிரே கடலில் மூழ்கியவர் கைதியா, பரதவரா என்று அறிய விரும்புகிறேன்” என்று கூறும் மாணவனுக்கு அந்தக் கேள்வியே தகுதியாகும்.

நண்பர்களே, தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துச் சலாபமே இறுதியானது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அந்நகரிலேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். ஆனால் கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்கும் தொழில் மறைந்துவிட்டது. அத்தொழில் அறிந்த முதியோர் இன்று மிகச் சிலரே. அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதும் மாணவனும், ஹைடல்பர்க் ஏட்டைப் படிக்கும் மாணவனும் ஒருவனாகவே இருந்தால் எவ்வளவு நன்று! ஒரு வேலைக்குக் காலம் குறுகிவருகிறது. மற்றொன்றுக்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டும். ஆதலின் இரண்டையும் இன்றே தொடங்குக. குளிப்பவன் எவ்வளவு ஆழம் சென்றாலும் கயிற்றின் மறுமுனை தோணியில் இருக்கும். அயல்நாடு சென்று கிரேக்கம் கற்பவனுக்கும் அக்கயிறு வேண்டும். அதன் மறுமுனை கொற்கையில் இருக்கட்டும்.